கடலூர் தெரபிஸ்ட் மேடத்துக்கு நன்றி

என் மகனுக்கு ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) தந்த மேடம் பெயர் போட வேண்டாம் என்றார். சரி, போடவில்லை.

பென்சில் பிடித்தாலே கை தளர்ந்துவிடும் பையனிடம் அவர் முதலில் பென்சிலையே தரவில்லை. தோளும் முதுகும் வலுவானால்தான் விரல் நிலைக்கும் என்று சப்பாத்தி மாவு பிசையவும், சில்வர் பீச் ஈர மணலில் குழி தோண்டவும் வைத்தார். மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்துவது அடம் இல்லை, அந்தச் சத்தம் அவனுக்கு அவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்று என் மாமியாருக்குப் பொறுமையாக விளக்கினார். வளர்ப்பு சரியில்லை என்ற பேச்சு வீட்டில் அதோடு நின்றது. அப்புறம், "நீங்க ராத்திரி தூங்குறீங்களா?" என்று என்னைக் கேட்டதும் அவர் ஒருவர்தான். எனக்கு அதுதான் பெரிது.

இப்போது சட்டைப் பொத்தானை அவனே போடுகிறான். மேடம், நீங்கள் நல்லா இருக்கணும்.