அளவை மாற்றினால் கலையும் மாடல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

டிப்ளமா மெக்கானிக்கல் முடித்து எங்கள் பேட்டர்ன் (வார்ப்புக்காக மணலில் பதிக்கும் மாதிரி உரு) பட்டறைக்கு வேலை கேட்டு வரும் பிள்ளைகளுக்கு 3டி மாடல் போடத் தெரியாமல் இல்லை. டிராயிங்கைக் கொடுத்தால் சீக்கிரமே பம்ப் கேசிங்கைத் திரையில் சுழற்றிக் காட்டிவிடுகிறார்கள். பார்க்க அம்சமாக இருக்கிறது. ஒரே ஒரு அளவை மாற்றச் சொன்னால்தான் கலைந்துபோகிறது.

50 மி.மீ. குழாயை போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடான ஃபிளேஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள், பிஎன் 16 என்ற அழுத்தத் தரத்தில். வெளிவிட்டம் 165, துளை மையங்கள் அமையும் போல்ட் வட்டம் 125, துளை நான்கு. பையன் வட்டம் போடுகிறான், நான்கு துளையையும் தனித்தனியாக வைக்கிறான், எக்ஸ்ட்ரூட் கொடுத்துக் கோட்டுப் படத்தைக் கனமாக்குகிறான். மறுநாள் பார்ட்டி போன் செய்து 65 மி.மீ. வேண்டும் என்கிறார். 165 இப்போது 185, 125 இப்போது 145. வெளிவட்டம் மட்டும் பெருக்கிறது. துளைகள் பழைய இடத்திலேயே நிற்கின்றன. போல்ட் வட்டத்தைத் துணைக்கோடாகப் போட்டு, ஒரு துளையின் மையத்தை அதோடு சேர்ந்து நகரும்படி கட்டி, அதையே சுற்றி நான்காக்கியிருந்தால் ஓர் எண்ணை மாற்றியதும் நான்கும் சேர்ந்து நகர்ந்திருக்கும்.

மென்பொருளே இதைச் சொல்லத்தான் செய்கிறது. சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி மென்பொருளில் அளவு முழுதாகக் கட்டப்படாத கோடு நீலம், கட்டியது கறுப்பு. ஃப்ரீகேட் என்ற இன்னொன்றில் முழுதும் கட்டியதும் பச்சை. ஆனால் நீலக்கோடு மிச்சமிருந்தாலும் எக்ஸ்ட்ரூட் கொடுக்க விட்டுவிடும். அதுதான் வினை.

வார்ப்பு வேலையில் இது இன்னும் கறார். மணலிலிருந்து பேட்டர்ன் சேதமில்லாமல் எழ அதன் பக்கச் சுவர்களுக்கு ஒன்று, இரண்டு டிகிரி சாய்வு வேண்டும். மூலைகளை உருட்டிய பிறகு சாய்வு கொடுத்தால் பெரும்பாலும் மென்பொருள் முரண்டு பிடிக்கும். சாய்வு முன்னே, உருட்டல் பின்னே. வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒன்று சுருங்குவதால் 200 மி.மீ. பாகத்துக்குப் பேட்டர்ன் 202. மரத்தில் செதுக்கிய காலத்தில் இந்தச் சுருக்கத்தைச் சேர்த்தே கோடு போட்ட தனி ஸ்கேல் வைத்திருந்தோம். இப்போது 1.01 என்று தட்டினால் போதும். ஆனால் லேத்தில் கடையப்போகும் முகத்துக்கு மட்டும் கூடுதல் கனம் வேண்டும் என்பதை ஸ்கேல் கட்டளை அறியாது, அதைப் பையன்தான் அறிந்திருக்க வேண்டும்.

பாலிடெக்னிக், ஐடிஐ செய்முறைத் தேர்வுகளை நடத்துவோருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். முடிந்த மாடலின் உருவத்தைப் பார்த்து மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு அளவை மாற்றிக் கொடுங்கள். மாடல் தாங்கினால் பாதி மதிப்பெண் அதற்கே போகட்டும்.

வீட்டில் பழக மென்பொருள் இல்லை என்று பிள்ளைகள் சொல்வது நியாயம்தான், உரிமத்தின் விலை அப்படி. ஆனால் 2024 நவம்பரில் 1.0 பதிப்பு வந்த ஃப்ரீகேட் இலவசம். ஃபிளேஞ்ச், புஷ், பிராக்கெட் அளவு வேலைக்குச் சாதாரண மடிக்கணினியே போதும். ஆய்வகத்தில் ஒரு மென்பொருளும் வீட்டில் இன்னொன்றும் என்றால் குழப்பம் வரும் என்பார்கள். ஸ்கெட்சை, அதாவது மாடலுக்கு அடிப்படையான கோட்டுப் படத்தை, கட்டும் முறை எல்லாவற்றிலும் ஒன்றுதான். பொத்தான்தான் இடம் மாறும்.

பயிற்சிக்கு டிராயிங் வேண்டுமென்றால் எங்களைப் போன்ற பட்டறைகளில் பழையது கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. பார்ட்டி பெயரை அழித்துவிட்டுத் தரத் தயாராக இருக்கிறோம். கல்லூரியிலிருந்து யாராவது வந்து கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
பேட்டர்ன் பட்டறைக்காரர் ஒருவர்,
கணபதி, கோவை.