வடிவியலைக் கோடெலின் கணக்கில் எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தர்க்கவியலாளர் கோடெலின் முழுமையின்மைத் தேற்றத்தைப் பற்றி, அதாவது எண்கணிதம் போன்ற முரணற்ற அமைப்பில் நிறுவவும் முடியாத, மறுக்கவும் முடியாத கூற்றுகள் இருக்கும் என்ற முடிவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படியொரு விஷயத்துக்கு இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கே முதலில் நன்றி சொல்ல வேண்டும். எழுதியவர் உழைத்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் கடைசிப் பகுதியில், எண்கணிதமோ வடிவியலோ, கணிதத்தின் எந்தக் கிளையும் தன் உண்மைகள் எல்லாவற்றையும் தானே நிறுவிவிட முடியாது என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. அது தவறு. பள்ளியில் நாம் படிக்கிற வடிவியலைப் பொறுத்தவரை உண்மை அதற்கு நேர் எதிரானது. அதை நிறுவியவர் போலந்துத் தர்க்கவியலாளர் ஆல்பிரட் டார்ஸ்கி. கட்டுரையில் அவர் பெயரே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியவர்களுக்கு டார்ஸ்கி சொன்னது பாதி தெரிந்த விஷயம்தான். இருபடிச் சமன்பாட்டைக் கொடுத்து, இதற்கு மெய்யெண் மூலம் உண்டா என்று கேட்டால் மாணவர் மூலத்தைத் தேடிக்கொண்டு போவதில்லை. ‘பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி’ என்ற தன்மைகாட்டியைப் போட்டுப் பார்க்கிறார். பூஜ்யமோ அதற்கு மேலோ வந்தால் மூலம் உண்டு, குறைந்தால் இல்லை. இங்கே என்ன நடந்தது என்று நின்று பார்க்க வேண்டும். ‘இப்படி ஓர் எண் இருக்கிறது’ என்பது முடிவே இல்லாத எண்களுக்குள் தேடச் சொல்லும் கூற்று. தன்மைகாட்டியோ அந்த ‘இருக்கிறது’ என்பதையே நீக்கிவிட்டு, கையில் உள்ள மூன்று கெழுக்களை வைத்துச் சரிபார்க்கிற ஒரு நிபந்தனையாக அதை மாற்றிவிடுகிறது. தேடல் போய்விட்டது, கணக்கு மட்டும் மிச்சம்.

இது இருபடிச் சமன்பாட்டுக்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டம் அல்ல என்பதுதான் டார்ஸ்கியின் முடிவு. மெய்யெண்களைப் பற்றிக் கூட்டல், பெருக்கல், சமம், பெரிது சிறிது ஆகியவற்றை மட்டும் கொண்டு எந்தக் கூற்றை வேண்டுமானாலும் எழுதுங்கள். எத்தனை மாறிகள் வேண்டுமானாலும் இருக்கட்டும். ‘எல்லா எண்ணுக்கும்’ என்றும் ‘ஏதோ ஓர் எண்ணுக்கு’ என்றும் எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் வரட்டும். ஒவ்வோர் அடுக்காக நீக்கிக்கொண்டே வரலாம். கடைசியில் நிற்பது, எண்களைப் போட்டுப் பார்த்து சரி அல்லது தவறு என்று சொல்லிவிடக்கூடிய ஒரு வரி. ஒரு பல்லுறுப்புக்கோவைக்கு இரண்டு புள்ளிகளுக்கிடையே எத்தனை மெய்யெண் மூலங்கள் உண்டு என்பதை, மூலங்களைக் கண்டுபிடிக்காமலே எண்ணிவிடும் வழியைக் கணிதவியலாளர் ஸ்டர்ம் 19ஆம் நூற்றாண்டிலேயே தந்திருந்தார். டார்ஸ்கி அதை எடுத்து வெகுதூரம் கொண்டுபோனார்.

டெகார்ட் காலத்திலிருந்து புள்ளிகளை ஆயத்தொலைவுகளாக எழுத நமக்குத் தெரியும். ஆகவே இயற்கணிதத்தில் கிடைத்தது வடிவியலுக்கும் கிடைத்துவிடுகிறது. முக்கோணத்தின் மூன்று குத்துக்கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்கும் என்பது போன்ற கூற்று எதைக் கொடுத்தாலும், உண்மையா இல்லையா என்று இயந்திரத்தனமாகத் தீர்மானித்துவிடலாம். 1926–27இல் வார்சா பல்கலைக்கழக விரிவுரைகளில் இந்த வடிவியலுக்கென்று டார்ஸ்கி ஓர் அடிகோள் தொகுப்பையும் (நிறுவாமலே ஏற்றுக்கொள்ளும் தொடக்கக் கூற்றுகளை) அமைத்திருந்தார். அந்த மொழியில் எழுதக்கூடிய எந்தக் கூற்றையும் அந்த அடிகோள்களிலிருந்து நிறுவலாம், அல்லது அதன் மறுப்பை நிறுவலாம். இரண்டுக்கும் நடுவில் எதுவும் தொங்குவதில்லை. முழுமை என்றால் இதுதான்.

அப்படியானால் கோடெல் சொன்னது பொய்யா? இல்லவே இல்லை. அவருடைய தேற்றம் இயல் எண்களைப் பற்றிக் கூட்டலும் பெருக்கலும் கொண்டு பேசத் தெரிந்த அமைப்புகளுக்கானது. டார்ஸ்கியின் மொழியில் மெய்யெண்களைப் பற்றிப் பேசலாம். ஆனால் அவற்றுக்குள்ளிருந்து 1, 2, 3 என்ற இயல் எண்களை மட்டும் பிரித்தெடுத்துக் காட்ட அந்த மொழிக்கு வலுவில்லை. ஐங்கோணத்தைப் பற்றிச் சொல்லலாம், அறுகோணத்தைப் பற்றிச் சொல்லலாம். எத்தனை பக்கம் இருந்தாலும் பொருந்தும் என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. அந்த வலுவின்மைதான் அதற்குக் காவல். சைன் சார்பை மட்டும் உள்ளே விட்டுப் பாருங்கள்: சைன் எங்கெல்லாம் பூஜ்யமாகிறது என்று கேட்டாலே முழு எண்கள் வந்துவிடும், அவற்றோடு கோடெலும் வந்துவிடுவார். இந்த எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று காட்டாமல் முழுமையின்மையைப் பற்றி எழுதினால், கணிதமே கைவிரித்துவிட்டது என்றுதான் வாசகர் நினைப்பார்.

டார்ஸ்கியின் வாழ்க்கையையும் சொல்ல வேண்டும். 1901இல் வார்சாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்; குடும்பப் பெயர் டைட்டல்பாம். தர்க்கவியலாளர் லெஸ்னியெவ்ஸ்கியிடம் ஆய்வு செய்து 23 வயதில் முனைவர் பட்டம் பெற்றார். அதே 1924இல் கணிதவியலாளர் பனாக்கோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், ஒரு கோளத்தைச் சில துண்டுகளாகப் பிரித்து அதே அளவுள்ள இரண்டு கோளங்களாகச் சேர்க்கலாம் என்ற புகழ்பெற்ற முடிவு வந்தது. ஆனால் பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1925 முதல் 1939 வரை வார்சாவில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராகத்தான் இருந்தார். மேலே சொன்ன முடிவை அவர் எட்டியது 1930 வாக்கில்; அப்போதும் பள்ளி ஆசிரியர்தான். அவரும் விண்ணப்பித்திருந்த லுவோவ் பல்கலைக்கழகப் பேராசிரியர் இடம் அதே 1930இல் லியோன் க்விஸ்டெக் என்ற இன்னொரு தர்க்கவியலாளருக்குப் போனது. 1935இல் வேறு இருவரோடு சேர்ந்து பள்ளி மாணவர்களுக்கு ஒரு வடிவியல் பாடநூலும் எழுதினார். வகுப்பில் நடத்திய பாடமும் இரவில் செய்த ஆராய்ச்சியும் இவ்வளவு நெருக்கமாக இருந்த இன்னொரு தர்க்கவியலாளரை எனக்குத் தெரியாது.

தத்துவம் படித்தவர்கள் டார்ஸ்கியை வேறொன்றுக்காக அறிவார்கள்: 1933இல் போலிஷ் மொழியில் வெளிவந்த, உண்மை என்பதைப் பற்றிய நீண்ட ஆய்வு. ‘பனி வெண்மையானது’ என்ற வாக்கியம் எப்போது உண்மை? பனி வெண்மையாக இருந்தால், அப்போது மட்டும். முதல் தடவை படிப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். விஷயம் அந்த உதாரணத்தில் இல்லை. முடிவில்லாத வாக்கியங்களைக் கொண்ட ஒரு மொழிக்கு, மிகச் சிறிய கூற்றிலிருந்து தொடங்கிப் படிப்படியாக, எல்லா வாக்கியத்துக்கும் பொருந்துகிற ஒரு வரையறையை முரண்பாடில்லாமல் கட்டிக் காட்டினார் பாருங்கள், அதில்தான் இருக்கிறது. ‘இந்த வாக்கியம் பொய்’ என்ற பழைய புதிரில் சிக்காமல் இருக்க, ஒரு மொழியின் உண்மையை அதைவிட வளமான இன்னொரு மொழியில் நின்றுதான் வரையறுக்க வேண்டும் என்றார். எண்கணிதத்தின் உண்மைகளை எண்கணிதத்துக்குள்ளேயே வரையறுக்க முடியாது என்பதும் இதன் பகுதி. தத்துவவாதி கார்ல் பாப்பர் 1935இல் வியன்னாவின் ஃபோக்ஸ்கார்ட்டன் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இதை டார்ஸ்கியிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்போது பாப்பரும் பள்ளி ஆசிரியர்தான்.

எங்கே முடியாது என்று காட்டியவரும் எங்கே முடியும் என்று காட்டியவரும் ஒரே ஆள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். என்னைக் கேட்டால், இந்த இரண்டாவது வேலைதான் பெரிது. முடியாது என்பதற்கு அன்றைக்கு கோடெல், சர்ச், டூரிங் என்று பலர் வந்துசேர்ந்தார்கள். இவ்வளவு பரந்த ஒரு நிலத்தை முழுக்கத் தீர்மானிக்க முடியும் என்று காட்டியது அவர் ஒருவர்தான்.

1939 ஆகஸ்டில் ஹார்வர்டில் நடக்கவிருந்த மாநாட்டுக்காக அமெரிக்கா கிளம்பினார். மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் வார்சாவில் விட்டுவிட்டுத்தான் கப்பலேறினார். செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது. திரும்ப வழியில்லை. வழக்கமான வேலை இல்லாமல் நியூயார்க், ஹார்வர்டு, பிரின்ஸ்டன் என்று அலைந்து, 1942இல் பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மனைவியும் குழந்தைகளும் அவரிடம் வந்துசேர்ந்தது 1946இல். பெற்றோரையும் தம்பியையும் நாஜிகள் கொன்றுவிட்டார்கள். அவருடைய ஆராய்ச்சிக்கும் அந்தப் போர் குறுக்கே வந்தது. வடிவியல் முடிவைப் பற்றிய நூல் பாரிஸில் அச்சுக்குப் போய், மெய்ப்பு வரை வந்து, போரால் நின்றுவிட்டது. முழு விவரமும் உலகத்துக்குக் கிடைத்தது 1948இல், அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கையாக. கோடெலின் தேற்றம் 1931லேயே அச்சாகிவிட்டது. இரண்டில் ஒன்று மட்டும் ஊரெல்லாம் தெரிந்ததற்கு இந்தப் பதினேழு வருட இடைவெளியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பெர்க்லியில் அவரிடம் ஆய்வு செய்தவர்களில் ஜூலியா ராபின்சனை விடவே கூடாது. அதே 1948இல் முடித்த தன் ஆய்வேட்டில் அவர் விகிதமுறு எண்களை, அதாவது பின்னமாக எழுதக்கூடிய எண்களை, எடுத்துக்கொண்டார். மெய்யெண்கள் அனைத்துக்கும் தீர்மானிக்கும் வழி இருக்கிறது. அவற்றின் ஒரு பகுதியான விகிதமுறு எண்களுக்கும் இருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? இல்லை என்று நிறுவினார். கூட்டலையும் பெருக்கலையும் மட்டும் வைத்தே விகிதமுறு எண்களுக்குள் முழு எண்களைப் பிரித்துக் காட்டிவிட முடியும் என்று கண்டுபிடித்தார். முழு எண்கள் வந்தால் கோடெலும் வருவார், தீர்மானிக்கும் வழி அடைபடும். பெரிய தொகுதிக்கு முடிகிறது, அதற்குள் அடங்கிய சிறிய தொகுதிக்கு முடியவில்லை. கணிதத்தில் என்னை இவ்வளவு வியக்கவைத்த முடிவுகள் மிகச் சிலவே.

டார்ஸ்கியின் முறை நடைமுறையில் மிக மெதுவானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1975இல் ஜார்ஜ் காலின்ஸ் வேகமான ஒரு முறையைத் தந்தபிறகுதான் கணினியில் இதைப் பயன்படுத்த முடிந்தது. ரோபோவின் கை எதிலும் இடிக்காமல் நகர வழி உண்டா என்ற கேள்விக்குக்கூட இது உதவுகிறது. அப்போதும் மாறிகள் கூடக்கூட வேலை கட்டுக்கடங்காமல் பெருகிவிடும். அதனால் வடிவியலில் இனி செய்ய எதுவும் இல்லை என்று அர்த்தமில்லை. கட்டுரையாளர் சொன்ன அர்த்தத்தில் அது முழுமையற்றது அல்ல, அவ்வளவுதான்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். அந்த ஒரு வரிக்கு அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். பள்ளி ஆசிரியர்கள் பலர் உங்கள் இதழைப் படித்துவிட்டு வகுப்பில் சொல்கிறார்கள். அப்புறம், அதே கட்டுரையாளரையே டார்ஸ்கியைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். அவருக்கு அந்த எழுத்து கைவந்திருக்கிறது. இயல் எண்கள், விகிதமுறு எண்கள், மெய்யெண்கள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எதற்கு முடியும், எதற்கு முடியாது, ஏன் என்று அவர் எழுதினால் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளுக்கும் புரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கும்பகோணம்