டைப் அடிச்ச கை

மதுரை,
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் சௌக்கியம். தங்கச்சிக்கு முட்டி வலி தேவலையா? மழை இல்லை, கரண்ட் இருக்கு, பேரன் டிரம்ஸ் செட் கேட்டு அடம் பிடிக்கிறான், வாங்கித் தர மாட்டேன்னு சொல்லிட்டேன். விசாரிப்பு முடிஞ்சது.

கடைசியா உன்னைப் பார்த்தது உன் பெரியவன் கல்யாணத்தில். ஏழு வருஷம் இருக்குமா? அன்னைக்கும் பந்தியில் உட்கார்ந்து ரசத்தைப் பத்தித்தான் பேசினோம். கை கழுவிட்டு ஆளுக்கொரு பக்கம் போயிட்டோம். தப்பு என்னோடதுதான். அதுக்கு அப்புறம் வர்றேன்.

நம்ம குழுவில் பேஸ் வாசிச்சானே, நம்ம 'பேஸ்', அவனுக்கு ஸ்ட்ரோக். ஆடி மாசம் நடந்திருக்கு, எனக்குப் போன வாரம்தான் தெரிஞ்சது. தஞ்சாவூருக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். வலது கை, வலது கால் ரெண்டும் வரலை. பேச்சு குழறுது. என்னைப் பார்த்ததும் வாயைக் கோணிக்கிட்டு முதல்ல கேட்டது, "சில்லறை இருக்கா?" நாற்பது வருஷமா அதே கேள்வி. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்தது. அவன் பொண்டாட்டி காபி போடுற சாக்கில் உள்ளே போயிட்டா.

கொஞ்ச நேரம் கழிச்சு "அந்த மூணு பேர்... போடு"ன்னான். எனக்குப் புரியலை, அவன் பேத்திக்குப் புரிஞ்சது. தினம் கேட்பானாம். நீ 86-ல் கோடம்பாக்கத்திலிருந்து கொண்டு வந்த டிடிகே கேசட் ஞாபகம் இருக்கா? ஒரு பக்கம் உன் கோழிக்கிறுக்கலில் 'போல் வின்னர்ஸ்'னு எழுதின அமெரிக்க ஜாஸ், இன்னொரு பக்கம் டி.எம்.எஸ். முருகன் பாட்டு. கேசட் செத்துப் போச்சு, பேத்தி போனில் போட்டா. பார்னி கெஸ்ஸல் கிட்டார், ரே பிரவுன் பேஸ், ஷெல்லி மேன் டிரம்ஸ். பியானோ கிடையாது, வேற யாரும் கிடையாது. நீ, அவன், நான்னு பங்கு பிரிச்சுக்கிட்டு நம்ம கச்சேரி வேனில் தலையாட்டினோமே, அதே 1957 ரெக்கார்டு.

அதில் 'சாட்டின் டால்' பாட்டு ஓடும்போது பார்க்கிறேன், போர்வைக்கு மேலே அவன் இடது கை நகருது. நாலு விரலும் ரே பிரவுன் கூடவே அமுக்கிட்டுப் போகுது. வலது கை பக்கத்தில் கிடக்கு.

சரி, இப்போ என் தப்புக்கு வர்றேன். 89-ல் திருச்சி கச்சேரி முடிஞ்சு திரும்பும்போது வேனில் உன்கிட்ட ஒண்ணு சொன்னேன். நீ மறந்திருப்பேன்னு பல வருஷம் என்னை நானே ஏமாத்திக்கிட்டேன். சினிமா ரெக்கார்டிங்கில் வாசிக்க நீ யூனியன் கார்டு வாங்கின புதுசு. காலையில் ஒரு கால்ஷீட், மதியம் ஒண்ணு, சம்பளக் கவர் வாங்கினதும் அடுத்த ரெக்கார்டிங் தியேட்டர்னு ஓடிக்கிட்டிருந்தே. நான், "நீ வாசிக்கலைடா, டைப் அடிக்கிறே. பார்னி கெஸ்ஸல் இப்படி விலை போவாரா?"ன்னு கேட்டேன். நீ பதில் சொல்லாம ஜன்னலை இறக்கிவிட்டே. அதுக்கப்புறம் உன் போன் வரலை, நானும் பண்ணலை. இதில் பெரிய கூத்து, கலையைப் பத்தி உனக்கு உபதேசம் பண்ணினவன் அடுத்த வருஷமே பேங்கில் சேர்ந்து முப்பது வருஷம் அடுத்தவன் பணத்தை எண்ணினான். டிரம்ஸ் பரண்ல ஏறிச்சு, பிறகு எடைக்குப் போச்சு.

தஞ்சாவூரிலிருந்து வந்த பிறகு இதே வேலையா கெஸ்ஸலைத் தேடித் தேடிப் படிச்சேன். மாப்ளே, உன்னை அடிக்க நான் எடுத்த கம்பு இருக்கே, அது முழுக்க உன் பக்கத்து மரத்தில் வெட்டினது. அந்த மனுஷன் 'விலை போன' அளவுக்கு நீ போகவே இல்லை!

ஓக்லஹோமாவில் மஸ்கோகின்னு ஒரு சின்ன ஊர். 1923-ல் பிறப்பு. பன்னிரண்டு வயசில் பேப்பர் போட்டுச் சேர்த்த காசில் கிட்டார் வாங்கியிருக்கார். அதே மாநிலத்தில் வளர்ந்தவர்தான் சார்லி கிறிஸ்டியன். எலெக்ட்ரிக் கிட்டாரைத் தாளத்துக்குக் கார்டு (பல சுரம் சேர்ந்த ஒலி) போடுற இடத்திலிருந்து தூக்கி, சாக்ஸபோனுக்குச் சமமா சோலோ வாசிக்க வெச்சவர். 1942-ல் 25 வயசில் காசநோயில் போயிட்டார். கெஸ்ஸலுக்குப் பதினாறு வயசு இருக்கும்போது கிறிஸ்டியன் ஊருக்கு வந்திருக்கார், ரெண்டு பேரும் சேர்ந்து வாசிச்சிருக்காங்க. அங்கேதான் பையனுக்கு உறைச்சிருக்கு: தனக்குத் தெரிஞ்சது எல்லாமே ரெக்கார்டைக் கேட்டு உருப்போட்ட கிறிஸ்டியன் சரக்கு. எதிரே கிறிஸ்டியனே உட்கார்ந்திருக்கும்போது எதை வாசிக்கிறது? இதைப் படிச்சதும் உன்னை நினைச்சேன். திருச்சி மெயின் கார்ட் கேட் கச்சேரியில், நீ வாசிச்ச பாட்டோட ஒரிஜினல் கிட்டாரிஸ்ட்டே முன் வரிசையில் வந்து உட்கார்ந்தாரே, உன் முகம் போன போக்கு!

1944-ல் 'ஜாமிங் தி புளூஸ்'னு பத்து நிமிஷப் படம் ஒண்ணு. லெஸ்டர் யங், ஹாரி எடிசன்னு வாசிக்கிறவங்க எல்லாரும் கறுப்பர்கள், கெஸ்ஸல் ஒருத்தர்தான் வெள்ளை. வெள்ளையும் கறுப்பும் கலந்து உட்கார்றதைத் திரையில் காட்டக்கூடாதாம். அதனால் அவரை நிழலிலேயே வெச்சு எடுத்திருக்காங்க. கையைக் கிட்டத்தில் காட்டணும்னு வந்தப்போ பெர்ரிப் பழச்சாறைப் பூசிக் கறுப்பாக்கியிருக்காங்க. கை தெரியலாம், ஆள் தெரியக்கூடாது. நீ இருபத்தஞ்சு வருஷம் பண்ணின வேலையும் அதுதானேடா, பழச்சாறு இல்லாம?

1947-ல் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் கமரில்லோ மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்ததும் போட்ட ரெக்கார்டிங்கில் கெஸ்ஸல் உண்டு. 52-ல் பியானோக்காரர் ஆஸ்கர் பீட்டர்சனோட மூணு பேர் குழுவில் சேர்ந்து ஒரு வருஷம் ஊர் ஊரா சுத்திட்டு, போதும்னு லாஸ் ஏஞ்சலிஸ் திரும்பிட்டார். அங்கே ஸ்டூடியோ இருக்கு, வீட்டுச் சாப்பாடு இருக்கு. பத்திரிகை வாக்கெடுப்புகளில் முதல் கிட்டாரிஸ்ட்னு வருஷா வருஷம் பேர் வருது. 'போல் வின்னர்ஸ்'ங்கிற பேரே அதனாலதான். அதே ஆள் வெர்வ் ரெக்கார்டு கம்பெனியில் உத்தியோகம் பார்த்து, ரிக்கி நெல்சன்ங்கிற டிவிப் பையனோட முதல் ராக்-அண்ட்-ரோல் ரெக்கார்டை 1957-ல் தயாரிச்சுக் கொடுத்திருக்கார். அதே வருஷம்தான் நம்ம கேசட்! நான் வேனில் தலையாட்டின மகானும், விடலைப் பசங்களுக்குப் பாட்டுப் பண்ணினவரும் ஒரே ஆள்.

இன்னொண்ணு கேளு. ஜாஸ் பைத்தியம் பிடிச்ச ஒரு விடலைப் பையன், கெஸ்ஸல்னா உயிர். வீட்டுக்காரங்க ஏற்பாடு பண்ணி அவரைப் பார்க்க வெச்சாங்க. அவர் சொன்ன புத்திமதி, ஜாஸ் கிட்டாரில் பிழைப்பு இல்லை, ரெக்கார்டு தயாரிக்கப் போ. அந்தப் பையன்தான் பின்னால் பெரிய பாட்டுத் தயாரிப்பாளர் ஆன ஃபில் ஸ்பெக்டர். (பின்னால் கொலைக் குற்றத்தில் ஜெயிலுக்குப் போனது வேற கதை.) கொஞ்ச வருஷத்தில் கோல்ட் ஸ்டார் ஸ்டூடியோவில் அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து உத்தரவு போடுறான், கெஸ்ஸல் இந்தப் பக்கம் மத்த கிட்டார்க்காரங்களோட வரிசையில் உட்கார்ந்து ஒரே கார்டைத் திரும்பத் திரும்பப் போடுறார். தனியா எந்தக் கிட்டாரும் கேட்கக்கூடாது, எல்லாம் கரைஞ்சு ஒரு சத்தமா வரணும், ஸ்பெக்டரோட ரகசியமே அது. 1963-ல் 'பி மை பேபி' பாட்டு அப்படி வந்ததுதான். ஏதோ ஒரு பாட்டுக்கு ஸ்டூடியோ நிறைய ஆள் போட்டிருந்தப்போ, "இத்தனை பேர் இவ்வளவு கொஞ்சமா வாசிச்சு இவ்வளவு காசு வாங்கினதே கிடையாது"ன்னு கெஸ்ஸல் அடிச்சார்னு ஒரு பேச்சு உண்டு. நம்ம பேஸ் அடிக்கிற மாதிரி இல்லே?

எல்விஸ் படத்துப் பாட்டு, பீச் பாய்ஸோட 'பெட் சவுண்ட்ஸ்', விளம்பரம், டிவி எல்லாத்திலும் அந்த ஸ்டூடியோ வாத்தியக்காரங்க கூட்டம்தான். ஒரு கால்ஷீட் மூணு மணி நேரம், யூனியன் ரேட். அட்டையில் பேர் இருக்காது. பாட்டு ஊரெல்லாம் ஓடும், வாசிச்சவன் பெட்ரோல் பங்கில் நின்னு அதையே ரேடியோவில் கேட்பான்.

அந்தக் கூட்டத்தில் டாமி டெடெஸ்கோன்னு இன்னொரு கிட்டார்க்காரர். இவர் உனக்கு ஒண்ணு விட்ட அண்ணனாத்தான் இருக்கணும். மாண்டலின் வேணுமா, யுகுலேலே வேணுமா, கிரீஸ் நாட்டு பூசுக்கி வேணுமா, எதைக் கேட்டாலும் தெரியும்னு சொல்லி வாங்கிக்குவார். ஓரமா போய் எல்லாத்தையும் கிட்டார் மாதிரியே ட்யூன் பண்ணி வாசிச்சுட்டு வந்துடுவார்! நீ அந்த மலையாளப் படத்துக்கு மாண்டலின் வாசிச்ச லட்சணம் இன்னைக்கு எனக்கு விளங்கிச்சு. கிட்டார் பத்திரிகையில் பத்தி வேற எழுதினார். இன்ன வேலைக்குப் போனேன், நோட்ஸ் இப்படி இருந்தது, இவ்வளவு கொடுத்தாங்கன்னு காசு வரைக்கும். வேலையை ஒத்துக்க அவருக்கு நாலு காரணம்: காசு, ஆள் பழக்கம், அனுபவம், இல்லேன்னா சும்மா சந்தோஷம். நாலில் ஒண்ணு இருந்தா போதுமாம். நான் உனக்கு ஒண்ணே ஒண்ணைத்தான் வெச்சேன், அதையும் திட்டுறதுக்கு வெச்சேன்.

ஆனா என்னை உண்மையிலேயே கவிழ்த்தது வேற. ஜூலி லண்டன்னு ஒரு பாடகி, 1955-ல் 'க்ரை மி எ ரிவர்'. இன்னைக்கே ஹெட்போன் போட்டுக் கேளு. குரலுக்குப் பின்னால் கெஸ்ஸல் கிட்டார், ஒரு பேஸ், அவ்வளவுதான். அந்தம்மா பாதிக் குரலில், காதுக்குப் பக்கத்தில் வந்து பாடுது. ஒரு மைனர் கார்டு அப்படியே நிற்க, அதுக்குள்ளே ஒரே ஒரு சுரம் மட்டும் படி ஏறுது. அவர் சோலோ எடுக்கலை. தன்னைக் காட்டிக்கலை. அந்தம்மா மூச்சு விடுற இடத்தில் மட்டும் ரெண்டு சுரம் வைக்கிறார், வெச்சுட்டு விலகிடுறார். கூலிக்கு வாசிச்சதுதான். அந்தம்மா பேருக்கு வித்த ரெக்கார்டுதான். ராத்திரி பதினோரு மணிக்கு அதைக் கேட்டுட்டு, உன் முகத்தை நினைச்சுப் பார்த்தேன், தூக்கம் போச்சு. உன்னை நான் எதில் கேட்டேன்? மேடையில் கேட்டேன். நீ ஸ்டூடியோவில் வாசிச்சது எது எதுன்னு ஒரு நாளாவது கேட்டேனா? வானொலியில் நூறு தடவை உன்னைக் கேட்டிருப்பேன், நீதான்னு தெரியாமலே.

அதுக்காகக் கெஸ்ஸல் அந்த வேலையில் ஆனந்தமா இருந்தார்னு எழுதிட முடியலை. 67-ல் ஹாலிவுட்டில் சொந்தமா வாத்தியக் கடை போட்டார், சில வருஷத்தில் மூடினார். 69-ல் ஸ்டூடியோவை உதறிட்டு லண்டன் போய்க் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு ஹெர்ப் எல்லிஸ், சார்லி பேர்டு கூடச் சேர்ந்து 'கிரேட் கிட்டார்ஸ்'னு ஊர் ஊரா ஜாஸ் வாசிச்சார். அலுத்திருக்கு. உனக்கும் அலுத்ததா? சின்தசைசர் வந்து கால்ஷீட் குறைஞ்ச காலத்தில் நீ எப்படிச் சமாளிச்சேன்னு எனக்கு யாரோ சொல்லித்தான் தெரியும். அப்போவாவது நான் ஒரு போன் பண்ணியிருக்கணும்.

கடைசியா ஒண்ணு, எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். 1992-ல் கெஸ்ஸலுக்கு ஸ்ட்ரோக். அதோட வாசிப்பு முடிஞ்சது. 2004-ல்தான் போனார், 80 வயசில். பன்னிரண்டு வருஷம் கிட்டார் இல்லாம. டெடெஸ்கோவுக்கும் அதே 92-ல் ஸ்ட்ரோக். இதைப் பேஸ்கிட்ட சொல்லலை, நீயும் சொல்லிடாதே.

இல்லை, அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்னும் தோணுது. கிளம்பும்போது என் சட்டையைப் பிடிச்சு இழுத்து ஒரு திட்டம் சொன்னான். இடது கையால் அவன் அமுக்குவானாம், பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து மீட்டுவாளாம். அவளுக்குத் தாளம் நிக்குது, ஆனா விரல் கொப்புளம் போட்டிருச்சுன்னு புகார் வேற. கிட்டாருக்கு உன்னைக் கூப்பிடச் சொன்னான். "டைப்பிஸ்டை வரச் சொல்லு"ன்னான். படுபாவி, அன்னைக்கு வேனில் தூங்குற மாதிரி நடிச்சிருக்கான்.

அடுத்த மாசம் ரெண்டாம் சனிக்கிழமை. சென்னையிலிருந்து நீ வா, நான் இங்கிருந்து வர்றேன். கிட்டார் மட்டும் போதும், அந்த மாண்டலினை எடுத்து வராதே. ஆம்ப் வேண்டாம், பக்கத்து வீட்டில் பச்சைக்குழந்தை. 'சாட்டின் டால்' கார்டு ஒரு தடவை பார்த்து வெச்சுக்கோ, நடுவில் எப்பவும் தடுமாறுவே.

பேரனுக்கு டிரம்ஸ் வாங்கித் தர மாட்டேன்னு மேலே எழுதினேனே, அது நிஜம்தான். நேத்து டவுன்ஹால் ரோடு பக்கம் போய் டிரம்ஸ் தேய்ச்சு வாசிக்கிற ஒரு ஜோடி பிரஷ் மட்டும் வாங்கிட்டு வந்தேன். பழைய பிளாஸ்டிக் ஸ்டூல்மேல பேப்பர் விரிச்சு தேய்ச்சுப் பார்த்தேன். மணிக்கட்டு சுத்தமா போச்சு. உன் தங்கச்சி உள்ளேயிருந்து, ராத்திரியில் யார் தரை பெருக்குறதுன்னு கேட்டா.

போன் பண்ணு, இல்லேன்னா கடிதம் போடு. கோழிக்கிறுக்கலை நான் படிச்சுக்குவேன்.

உன்,
மாப்ளே

பி.கு: சில்லறை கொண்டு வா. கேட்பான்.