எலியின் கருவுக்குச் சோறு போடுவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கர்ப்பக்கால மருந்துப் பரிசோதனைகள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்தைத் தமிழில் எழுத முன்வருபவர்களே குறைவு, அதற்காகவே பாராட்ட வேண்டும். ஆனால் 'சுண்டெலியின் கருப்பை மனிதக் கருப்பையின் சிறு வடிவம்' என்ற வரியையும் கூடவே வந்த படத்தையும் அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. படத்தில் மஞ்சள்கருப் பை, அதாவது கருவோடு சேர்ந்து வளரும் சவ்வுப் பை, தொப்புள்கொடி ஓரமாகச் சுருங்கித் தொங்குகிறது. அது மனிதக் கருவின் அமைப்பு. எலிக்கு அது பொருந்தாது.

பல ஆண்டுகள் கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்களுக்கு இதைக் காட்டியவன் என்பதால் எழுதுகிறேன். 13 நாள் கருவைக் கருப்பையிலிருந்து பிரித்து உப்புநீர்த் தட்டில் போட்டு, நுனி கூரான இடுக்கியால் மேல்தசையை உரித்தால், முதலில் கண்ணில் படுவது குட்டி அல்ல. குட்டியை முழுக்கப் போர்த்திக்கொண்டு, சிவப்பு ரத்தக்குழாய்கள் கிளைகிளையாகப் பின்னிய மெல்லிய சவ்வு ஒன்று தெரியும். அதுதான் மஞ்சள்கருப் பை. அதைக் கிழித்தால் உள்ளே கண்ணாடி போன்ற பனிக்குடம், அதற்கும் உள்ளே குட்டி. ஒரு பக்கம் தட்டையாக ஒட்டியிருக்கும் சிவப்பு வட்டம் நஞ்சுக்கொடி.

இந்தப் பை சட்டைப்பையை உள்புறம் வெளியே வரத் திருப்பிவிட்டது போல இருக்கும். நமக்குப் பையின் உள்ளே இருக்கும் அகப்படைச் செல்கள் (பையின் உள்வரிச் செல்கள்) எலியில் வெளிப்பக்கம், தாயை நோக்கி இருக்கின்றன. கருப்பைச் சுரப்பில் உள்ள புரதங்களை அவை உறிஞ்சி, லைசோசோம்கள் என்ற, செல்லுக்குள் இருக்கும் செரிமானப் பைகளில் செரித்து, அமினோ அமிலங்களாக்கிக் கருவுக்குக் கொடுக்கின்றன. சுண்டெலியின் கர்ப்பக்காலமே 19, 20 நாள்தான். நஞ்சுக்கொடி முறையாக வேலைக்கு வருவது சுமார் 10-ஆம் நாளில். மூளைக்கும் முதுகுத்தண்டுக்குமான நரம்புக்குழாய் மூடிக்கொள்ளும் முக்கியமான நாள்களில் கருவுக்குச் சோறு போடுவது பெரும்பாலும் இந்தப் பைதான். அதற்குப் பிறகும் அது ஓய்வதில்லை, பிரசவம் வரை இருக்கிறது. நோயை எதிர்க்கும் புரதங்களான தாயின் எதிர்ப்பொருள்கள் பிறப்புக்கு முன் குட்டிக்குப் போவதும் இதன் வழியாகத்தான்.

மனிதக் கருவில் மஞ்சள்கருப் பை சும்மா இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. முதல் ரத்தச் செல்கள் அங்கேதான் உருவாகின்றன. ஐந்தாறு வாரத்தில் ஸ்கேனில் சின்ன வளையமாக டாக்டர் காட்டுவதும் அதைத்தான். ஆனால் முதல் மூன்று மாதம் முடியும் தறுவாயில் அது தேய்ந்துவிடும். எதிர்ப்பொருள்கள் நமக்கு நஞ்சுக்கொடி வழியே போகின்றன.

இதனால் என்ன என்று கேட்கலாம். டிரைபான் நீலம் என்ற சாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணி எலிகளுக்கு அதை ஊசியில் ஏற்றினால் குட்டிகள் ஊனமாகின்றன என்று தென்னாப்பிரிக்காவில் கில்மன் குழுவினர் 1948-இல் காட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், சாயம் கருவுக்குள் போய்ச் சேருவதே இல்லை, மஞ்சள்கருப் பையின் செல்களிலேயே தேங்கிவிடுகிறது. அங்குள்ள லைசோசோம் நொதிகளை அது முடக்குவதால் கரு பட்டினியில் கெடுகிறது என்ற விளக்கத்தை பெக், லாயிட், கிரிஃபித்ஸ் மூவரும் 1967-இல் முன்வைத்தார்கள். எலியில் கிடைத்த இந்த முடிவை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியுமா?

கர்ப்பிணிகள் சாப்பிட்டுக் குழந்தைகள் ஊனமாகப் பிறக்கக் காரணமான தாலிடோமைடு மருந்து பற்றிக் கட்டுரையில் வரும் இடத்திலும் ஒரு சறுக்கல். அந்த மருந்து எலிக் கருவைப் பெரிதாகப் பாதிக்காததற்கு நஞ்சுக்கொடி வேறுபாடே காரணம் என்கிறார் கட்டுரையாளர். மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் செரிப்ளான் என்ற புரதம் எலியில் சற்று மாறியிருப்பது அதைவிட முக்கியமான காரணம். எல்லாப் பழியையும் நஞ்சுக்கொடி மேல் போட வேண்டியதில்லை.

எலியோடு முயலிலும் சோதிப்பதால் கவலையில்லை என்று முடித்திருக்கிறார். முயலின் மஞ்சள்கருப் பையும் இதேபோல் வெளிப்புறம் திரும்பியதுதான் ஐயா! தாயின் எதிர்ப்பொருள்கள் அதன் வழியே குட்டிக்குப் போவதை இங்கிலாந்துக்கு அருகில் வேல்ஸில் இருந்த பிராம்பெல் என்ற விலங்கியலாளர் முயலை வைத்துத்தான் காட்டினார். ஒரே மாதிரி இரண்டு சாட்சிகளை விசாரித்துவிட்டு வழக்கு முடிந்தது என்றால் எப்படி? எதிர்ப்பொருள் வகை மருந்துகளுக்குப் பெரும்பாலும் குரங்குகளை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எலிச் சோதனையே வீண் என்று யாரும் இதைப் படித்துவிட்டு முடிவு கட்ட வேண்டாம். நஞ்சுக்கொடி உருவாக எந்த மரபணு எப்போது தேவை என்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு சுண்டெலி தந்ததுதான். இத்தகைய செய்திகளை வெளியிடும்போது மருந்து எத்தனையாவது நாளில் கொடுக்கப்பட்டது என்பதையாவது சேர்த்துப் போடுங்கள். நீட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உங்கள் படங்களைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிக்கொள்கிறார்கள். எனவே அடுத்த இதழிலேயே திருத்திய படத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர்,
பாளையங்கோட்டை