பதினோராவது ஆளுக்கும் மட்டை கொடுங்கள்

தொண்டியில் இருந்து மூக்கையூர் வரைக்கும் கடற்கரை ஊர்களில் கோடைக்கு டென்னிஸ் பந்து டோர்னமென்ட் நடத்துகிற கமிட்டி அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும்,

வணக்கம். பெயர் போடவில்லை, ஆனாலும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு எழுதுகிறவன் யார் என்று இரண்டு வரியில் தெரிந்துவிடும், ஏனென்றால் எனக்குத் தெரிந்து இந்தக் கரையில் பேஸ்பால் பார்க்கிற கிறுக்கன் நான் ஒருத்தன்தான். சென்னையில் ஏழு வருஷம் இரவு ஷிப்டில் அமெரிக்க ஆஸ்பத்திரி பில் சரிபார்க்கிற வேலை. அந்தப் பக்கத்து ஆட்கள் போனில் வந்தால் வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் நேற்றைய மேட்ச்சைத்தான் பேசுவார்கள், முழித்துக்கொண்டு நிற்கக் கூடாதே என்று பார்க்க ஆரம்பித்தேன், அப்புறம் விட முடியவில்லை. இப்போது ஊரில் ஜெராக்ஸ் கடை. கடையில் டோக்கன் போட்டு நிற்கிற அக்காமார்கள் "என்னடா தம்பி, தடியை வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறான்" என்று என் போனை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். அவன் சும்மா நிற்கவில்லை அக்கா, வருகிற பந்தை விடலாமா அடிக்கலாமா என்று அரை நொடிக்குள் முடிவு பண்ணிக்கொண்டிருக்கிறான் என்பேன். சரி, சரி, என் பட்டாவைப் பார் என்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். 2025 அக்டோபர் 28, செவ்வாய்க்கிழமை. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கும் டொராண்டோ அணிக்கும் வேர்ல்டு சீரிஸ், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் ஃபைனல் தொடரில் மூன்றாவது ஆட்டம். அவர்களுக்குத் திங்கள் சாயங்காலம், நமக்கு விடிகாலை ஐந்தரை மணி வாக்கில் தொடங்கியது. ஒன்பது இன்னிங்ஸில் (அங்கே இரண்டு அணியும் ஒரு முறை அடித்து முடித்தால் ஒரு இன்னிங்ஸ்) முடிய வேண்டிய ஆட்டம் 5-5 என்று சிக்கிக்கொண்டு பதினெட்டு இன்னிங்ஸ் வரைக்கும் போனது, 6 மணி 39 நிமிடம். காலையில் பல் விளக்கிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தவன் கடையைத் திறந்து, பத்துப் பேருக்குப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் இருந்து போன் வரும்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். டாட்ஜர்ஸில் ஓட்டானி என்று ஒரு ஜப்பான்காரர் இருக்கிறார், உங்களில் சிலர் ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு அவர் இரண்டு ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி), இரண்டு டபுள் (ஒரே அடியில் இரண்டாவது பேஸ் வரைக்கும் ஓடுவது; ரன் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய நாலு இடம்தான் பேஸ்) அடித்து வைத்ததில் பயந்துபோய், அதற்கப்புறம் நாலு தடவை பந்தே போடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்க விட்டார்கள். நம் ஊரில் நல்ல அடிக்காரன் வந்தால் வைடாகப் போட்டு வெறுப்பேற்றுகிறோமே, அதையே அவர்கள் ரூலாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஓட்டானியைப் பற்றி இல்லை. வில் கிளைன் என்று ஒரு பையன். டாட்ஜர்ஸ் அணி அன்றைக்கு இறக்கிய பத்தாவது பந்து வீச்சாளர். பத்தாவது என்றால் அதற்கு மேல் ஆள் இல்லை, கொட்டகை காலி. அந்தப் பெரிய லீக்கில் அதற்கு முன்னால் ஒரே ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸுக்கு மேல் போட்டதே இல்லாதவர், வேறு வழியில்லாமல் கடைசியில் கூப்பிட்டார்கள். நாலு இன்னிங்ஸ், 72 பந்து, ஒரு ரன் கூட விடவில்லை. பதினெட்டாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் ஃப்ரீமன் அடித்த ஒரு ஹோம் ரன்னில் ஆட்டம் முடிந்தபோது எல்லாரும் ஃப்ரீமனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள், நான் கடையில் உட்கார்ந்துகொண்டு கிளைனுக்காகக் கண் கலங்கினேன். பக்கத்தில் பிரிண்டுக்கு நின்ற பெரியவர் வீட்டில் ஏதும் துக்கமா தம்பி என்று கேட்டார்.

ஏன் கலங்கினேன் என்றால், நான் உங்கள் டோர்னமென்ட்களில் பதினோராவது ஆளாக ஆடியவன். மூன்று கோடை. எனக்கு எப்போதும் கடலோரப் பக்கத்து பீல்டிங், அதாவது பந்து தண்ணீரில் விழுந்தால் முழங்கால் அளவு இறங்கி எடுத்து வருகிற வேலை. கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும், கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பேன். அந்த மூன்று கோடையும் சேர்த்து நான் மட்டை பிடித்து ஆடிய பந்து ஐந்து, எடுத்த ரன் ஒன்று, அதுவும் எட்ஜ் வாங்கிக் கீப்பருக்குப் பின்னால் போனது. நுழைவுக் கட்டணத்துக்குக் காசு பிரிக்கும்போது மட்டும் பதினோரு பேருக்கும் பங்கு சமம். கடலுக்குப் போய் வந்தால் தண்ணீர் இறைக்கிற சின்னப் பையனுக்குக்கூட அரைப் பங்காவது கொடுக்கிறோம். கரையில் வந்து விளையாடும்போது அந்தக் கணக்கு எங்கே போகிறது?

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆறு ஓவர் மேட்ச், முப்பத்தாறு பந்து. ஓப்பனிங் இறங்குகிற இரண்டு பேரும் அப்புறம் வருகிற ஒருத்தரும் அதைத் தின்று முடித்துவிடுவார்கள். ஏழாவது ஆளில் இருந்து கீழே இருக்கிறவர்கள் வெயிலில் நிற்பதற்கும் கை தட்டுவதற்கும்தான். பேஸ்பாலில் இது நடக்கவே நடக்காது. ஒன்பது பேர் வரிசை, முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், வரிசை மாறி ஒருத்தன் வந்து அடித்து அதை எதிரணி கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் அவுட். ஓட்டானி 10 வருஷத்துக்கு 700 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் போட்டவர், 2024இல் ஒரே சீசனில் 54 ஹோம் ரன் அடித்து 59 பேஸ் திருடியவர் (யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது), இருந்தாலும் ஒரு முறை அடித்துவிட்டுப் போனால் மற்ற எட்டுப் பேரும் வந்து போகிற வரைக்கும் அவர் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அதிலும் எனக்குப் பிடித்தது, ஒரு இன்னிங்ஸ் ஆறாவது ஆளோடு முடிந்தால் அடுத்த இன்னிங்ஸ் மறுபடி முதல் ஆளில் இருந்து தொடங்காது, ஏழாவது ஆளில் இருந்துதான். (பந்து வீசுகிறவனுக்குப் பதிலாக வேறு ஒருத்தன் அடிக்கலாம் என்று 2022இல் இருந்து அங்கே இருக்கிற இரண்டு பெரிய லீக்கிலும் கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பந்து வீசுகிறவன் மட்டையைப் பிடித்துத் தடுமாறுகிற அழகே தனி.)

என் கோரிக்கை இதுதான். பதினோரு பேர் பெயரையும் வரிசையாக எழுதி ஸ்கோர் எழுதுகிறவர் கையில் முதல் நாளே கொடுக்கட்டும். முதல் மேட்ச் ஐந்தாவது ஆளோடு முடிந்ததா, அடுத்த மேட்ச்சில் ஆறாவது ஆளும் ஏழாவது ஆளும் ஓப்பனிங். நாட் அவுட்டாக நின்றவர் வரிசையின் கடைசிக்குப் போகட்டும், சுற்றிக்கொண்டு மறுபடி அவர் முறை வரும். முதல் மேட்ச்சிலேயே தோற்று வெளியே போகிற டீமுக்கு என்ன பண்ணுவது என்று கேட்பீர்கள். அதற்குத்தான் நாக் அவுட்டை விட்டுவிட்டு லீக் வையுங்கள், டீமுக்கு மூன்று மேட்ச்சாவது கிடைக்கட்டும். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், நாளுக்கா பஞ்சம்?

"அப்படி வைத்தால் நல்ல டீம் எதுவும் வராது, பரிசுக்கு ஆடுகிறவன் வர மாட்டான்" என்று ஒரு கமிட்டி அண்ணன் என்னிடமே சொன்னார். வெளியூரில் இருந்து காசு கொடுத்துக் கூட்டி வருகிற இரண்டு பேர் வர மாட்டார்கள், உண்மைதான். அவர்கள் வராமல் போனால் யாருக்கு நஷ்டம் என்று அவரிடம் கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை.

எழுத உட்கார்ந்தாயிற்று, மற்றதையும் சொல்லிவிடுகிறேன். ஃபைனல் ராத்திரி ஏழு மணி என்று நோட்டீஸில் போடுகிறீர்கள், பத்தரைக்குத் தொடங்குகிறது, ஏனென்றால் சிறப்பு விருந்தினர் வர வேண்டும், வந்தவருக்குப் பொன்னாடை, அவரோடு வந்தவருக்குப் பொன்னாடை, மைக் செட் கொடுத்தவருக்குப் பொன்னாடை. பேஸ்பாலிலும் ஆட்டம் இழுத்துக்கொண்டே போகிறது என்று ஜனங்கள் சலித்துப்போய்த்தான் 2023இல் கடிகாரம் வைத்தார்கள். பேஸில் ஆள் இல்லை என்றால் 15 நொடிக்குள் பந்தைப் போட வேண்டும். அந்த ஒரு ரூலில் ஆட்டத்தின் சராசரி நேரம் மூன்று மணி நாலு நிமிடத்தில் இருந்து இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு வந்துவிட்டது. நீங்கள் பந்துக்குக் கடிகாரம் வைக்க வேண்டாம், பேச்சாளருக்கு வையுங்கள். தடைக்காலம் விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகில் போகிறவர்கள் இருட்டோடு எழுந்து தொழிலுக்குப் போக வேண்டும், அவர்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்துக் குழாயைக் கட்டிவிட்டு நடுராத்திரி வரைக்கும் கமென்டரி சொன்னால் அவர்கள் எப்போது தூங்குவார்கள்?

அம்பயர் விஷயம் பாதி பேருக்குத் தெரியும். பேட்டிங் டீமில் இருந்தே ஒருத்தனை அம்பயராக நிறுத்திவிட்டு அவன் அவுட் கொடுக்கவில்லை என்று சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை. 2026 சீசனில் இருந்து அமெரிக்காவில், அடிக்காமல் விட்ட பந்து சரியான இடத்தில் வந்ததா இல்லையா என்று அம்பயர் சொன்னது தப்பு என்று தோன்றினால் ஆட்டக்காரர் தன் தலையைத் தட்டிக் காட்டினால் போதும், மெஷின் பார்த்துச் சொல்லிவிடும், ஆளுக்கு அல்ல, அணிக்கு இரண்டு வாய்ப்பு. நம் ஊரில் இப்போது அம்பயர் தலையைத்தான் தட்டுகிறோம். மூன்றாவது ஊர் ஆள் ஒருத்தரைக் கூப்பிட்டு இருநூறு ரூபாயும் ஒரு வேளைச் சாப்பாடும் கொடுங்கள், முடிந்தது. ஓரத்தில் உட்கார்ந்து பந்துக்குப் பந்து பந்தயம் கட்டுகிறவர்களை எழுப்பிவிடுங்கள். பீட் ரோஸ் என்ற பேஸ்பால் ஆட்டக்காரர் 4256 ஹிட் அடித்தவர், அமெரிக்க லீக்கில் அத்தனை ஹிட் வேறு யாருக்கும் கிடையாது, பந்தயம் கட்டினார் என்று 1989இல் ஒதுக்கி வைத்தார்கள், 2024இல் அவர் செத்துப்போன பிறகுதான் அந்தத் தடையையே நீக்கினார்கள்.

அடுத்தது எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஏப்ரல் 15 நமக்குத் தடைக்காலம் தொடங்குகிற நாள். அதே ஏப்ரல் 15, 1947இல், ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பினத்தவர் முதல் முறையாக டாட்ஜர்ஸ் அணிக்கு இறங்கினார், அந்த அணி அப்போது புரூக்ளினில் இருந்தது. அதற்கு முன்னால் அறுபது வருஷம் போல அந்த லீக்குகளில் கறுப்பர்களை ஆடவே விட்டதில்லை. அவர் போட்டிருந்த 42ஆம் எண்ணை 1997இல் எந்த அணியிலும் இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று எடுத்து வைத்துவிட்டார்கள், வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் எல்லா அணியிலும் எல்லாரும் 42 போட்டுக்கொண்டு இறங்குவார்கள். யார் யார் என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியாது. நம் ஊர் டோர்னமென்ட்டில் முதுகைப் பார்த்தால் எந்தத் தெரு, எந்த ஆட்கள், எந்தத் தலைவர் படம் என்று எல்லாமே தெரிந்துவிடுகிறது, ஃபைனலில் எந்த இரண்டு பனியன் மோதுகிறது என்பதைப் பொறுத்துத்தான் போலீஸ் வண்டி நிற்கிறது. டோர்னமென்ட் முழுக்க மாற்றச் சொல்லவில்லை, ஏப்ரல் 15 அன்றைக்கு ஒரே ஒரு மேட்ச், எல்லார் பெயரையும் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு இரண்டு டீமாகப் பிரித்து, படமே இல்லாத பனியனில் ஆடலாம். பனியன் செலவு நான் ஏற்றுக்கொள்கிறேன், கடையில் இருந்து இருபத்திரண்டு பனியனுக்கு எப்படியாவது தேற்றிவிடுவேன்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு கமிட்டியும் யோசித்ததாகத் தெரியவில்லை. பாசி எடுக்கப் போகிற ஒரு அக்காவின் மகள், பத்தாவது படிக்கிறாள், கருவாடு காய வைத்த இடத்தில் வருகிற காக்காயை அவள் கல் எறிந்து விரட்டுவதைப் பார்த்தேன். காக்காய்க்குப் படாமல், அது உட்கார்ந்திருந்த கயிற்றுக்குச் சரியாக ஒரு சாண் மேலே, மூன்று தடவையும் அதே இடம். நான் சும்மா ஒரு பந்தைக் கொடுத்து எறியச் சொன்னேன், பிடித்த என் உள்ளங்கை அன்றைக்கு ராத்திரி வரைக்கும் எரிந்தது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட், பேஸ்பால், பெண்களுக்கு சாப்ட்பால் மூன்றும் திரும்ப வருகின்றன. கிரிக்கெட் கடைசியாக ஒலிம்பிக்கில் ஆடியது 1900இல். அவள் அங்கே போவாள் என்றெல்லாம் சொல்லவில்லை, முதலில் நம் கண்மாய்ப் பொட்டலில் அவள் இறங்க இடம் வேண்டும்.

அதனால் கடைசியாக ஒன்று கேட்கிறேன். மே மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் மேட்ச் காலையில்தானே, சாயங்காலம் நாலரையில் இருந்து ஆறரை வரைக்கும் பொட்டலை எங்களுக்கு விடுங்கள். பேஸ்பால் சொல்லித் தருகிறேன். நாம் சின்ன வயதில் ஓடுகிறவன் முதுகில் பந்தை எறிந்து ஆடினோமே, அமெரிக்காவிலும் ஆரம்பத்தில் அப்படித்தான் ஓடுகிறவன் மேல் எறிந்து அவுட் ஆக்கினார்கள், 1845இல் நியூயார்க் கிளப் ஒன்று ரூல் எழுதித்தான் அதை நிறுத்தியது, அதனால் பாதி ஆட்டம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். வீச்சுவலை வீசிப் பழகிய தோளுக்கு மீதியும் வந்துவிடும். மட்டை ஒன்று இருக்கிறது, ஆன்லைனில் வாங்கியது. அதை வண்டியில் வைத்துக்கொண்டு வரும்போது ஒரு செக்போஸ்ட்டில் அரை மணி நேரம் நிற்க வைத்து யாரை அடிக்கப் போகிறாய் என்று கேட்டார்கள். பந்தை அடிக்க என்றேன், நம்பவில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது, பேஸ்பால் மட்டை நம் பக்கம் காரில் சீட்டுக்கு அடியில்தான் கிடக்கிறது. எனவே மட்டையை நானே கொண்டு வருகிறேன், வேறு யாரும் கொண்டு வர வேண்டாம். பேஸுக்கு நாலு உரச் சாக்கில் மண் நிரப்பி வைத்திருக்கிறேன். கையுறை மூன்றுதான், மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். பொட்டலின் மேற்கு ஓரத்தில் கருவேல முள் இன்னும் வெட்டவில்லை, வருகிறவர்கள் வெறுங்காலோடு வராதீர்கள்.

இப்படிக்கு,
கடலோரப் பக்கம் பீல்டிங் நின்றவன்