ஒரு வரிக்காக முழுப் பட்டியலையும் உருட்டுவானேன்?

ஆசிரியருக்கு,

கணினிப் பக்கத்தில் சிஸ்கோ ரவுட்டரின் ரன்னிங் கான்ஃபிக்கை, அதாவது அதில் இப்போது நடப்பில் உள்ள அமைப்புகளின் பட்டியலைப் பார்க்கச் சொன்னீர்கள், சரி, ஆனால் ‘ஷோ ரன்’ என்று மட்டும் அடித்தால் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும், ஸ்பேஸ் பாரைத் தட்டியே விரல் தேய்ந்துவிடும். ஒரு போர்ட் மட்டும் போதுமென்றால் ‘ஷோ ரன் இன்டர்ஃபேஸ்’ என்று அதன் பெயரைச் சேர்த்தால் முடிந்தது. மற்றதற்கு ‘ஷோ ரன்’னுக்குப் பின்னால் ஒரு செங்குத்துக் கோடு (|), அப்புறம் ‘இன்க்ளூட்’, பிறகு தேடும் சொல்; ஆனால் அது தேடிய சொல் இருக்கும் வரியை மட்டும் காட்டிவிட்டு அடியில் உள்தள்ளி நிற்பவற்றை விட்டுவிடும் என்பதால் ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தங்களுக்குள் பாதை கண்டறியும் நெறிமுறை) மாதிரி விஷயங்களுக்கு ‘செக்‌ஷன்’தான் நல்லது; அது தலைப்பு வரியோடு அடியில் உள்ளவற்றையும் சேர்த்துக் காட்டும். தேடும் சொல்லில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் உண்டு. நான் ஒருமுறை ஒரு ஏசிஎல்லின் (எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்ற விதிப் பட்டியல்) பெயரைச் சின்ன எழுத்தில் தேடி, ஒன்றும் வராததால் அது இல்லவே இல்லை என்று மறுபடி எழுத உட்கார்ந்துவிட்டேன்!

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை