பேத்தியை விடுதிப் பள்ளியில் சேர்ப்பதற்கு முன்

அன்புள்ள கதிருக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். நீயும் மருமகளும் பேத்தியும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

பேத்தியை, ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் நீ விடுதியில் தங்கிப் படித்த ரிஷிவேலி பள்ளியிலேயே சேர்த்துவிடலாமா என்று போன வாரம் தொலைபேசியில் கேட்டாய். நீங்கள் இருக்கும் டெட்டேயில் அவளுக்குப் பொருத்தமான பள்ளி அமையவில்லை என்பதும், சுரங்க வேலை முடிந்தபின் மொசாம்பிக்கிலேயே இருப்பீர்களா வேறு நாட்டுக்குப் போவீர்களா என்பது உனக்கே தெரியாது என்பதும் நியாயமான காரணங்கள்தான். பள்ளியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. அங்கேயே வளர்ந்தவன் நீ. ஆனால் கடல் கடந்து இருந்துகொண்டு அந்தப் பள்ளத்தாக்குக்குப் பெற்றோராக வந்து போவது எப்படிப்பட்ட காரியம் என்பது உனக்குத் தெரிய வாய்ப்பில்லை, ஏனென்றால் நீ எப்போதும் வாசலுக்கு உள்ளே நின்றவன். அதை மட்டும் விரிவாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் உன் அம்மா நடுவில் புகுந்து கதையை வேறு பக்கம் கொண்டுபோய்விடுவாள்.

1993இல் உன்னை அங்கே சேர்த்தபோது நாங்கள் ஓமனில் ஹைமாவில் இருந்தோம். மஸ்கட்டிலிருந்து சலாலாவுக்குப் போகும் ஏறக்குறைய 1000 கி.மீ. சாலையில் பாதி வழியில், சுற்றிலும் கல்லும் மணலுமாக இருந்த ஊர் அது. அரசு மருத்துவமனையில் எனக்கு வேலை. மஸ்கட்டில் இந்தியப் பள்ளி இருந்தது உண்மை. ஆனால் பத்து வயதுப் பிள்ளையை யார் வீட்டில் விட்டுவைப்பது? எப்படியும் விட்டுப் பிரிந்துதான் இருக்க வேண்டும் என்றால் நல்ல இடத்தில் விடுவோம் என்று உன் அம்மாதான் முடிவெடுத்தாள். எனக்கு அதற்கு முன்பு மதனப்பள்ளி என்ற பெயர் மருத்துவப் படிப்பின் வழியாகத்தான் தெரியும். அதை அடுத்த ஆரோக்கியவரத்துக் காசநோய் மருத்துவமனையைப் பற்றிப் படிக்காமல் எங்கள் தலைமுறையில் யாரும் மருத்துவராக வெளியே வரவில்லை. உன் பள்ளியை நிறுவிய தத்துவ அறிஞர் ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895இல் பிறந்த ஊரும் அதுதான் என்பதை உன் சேர்க்கைக்காக வந்தபோதுதான் அறிந்தேன்.

அந்த நாளில் வருகை என்பது மருத்துவமனையில் விடுப்பு எழுதிக் கொடுக்கும்போதே தொடங்கிவிடும். பள்ளிக்கு ஏற்ற நாளும் எனக்கு விடுப்புக் கிடைக்கும் நாளும் ஒன்றாக அமைய வேண்டும். அமைந்தால் பாலைவனச் சாலையில் மஸ்கட், அங்கிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து பெங்களூர், பிறகு பேருந்தில் சிந்தாமணி வழியாக மதனப்பள்ளி. கடைசியாக ஓர் ஆட்டோ. இரண்டு பக்கமும் வேர்க்கடலைக் கொல்லையும், புளியமரமும், யாரோ அடுக்கிவைத்ததுபோல் நிற்கும் பாறைக் குன்றுகளுமாகப் போகும் அந்தப் பாதையில் உன் அம்மா ஒரு வார்த்தை பேச மாட்டாள். இன்று பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் இறங்கிக் கார் பிடித்தால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆகவே வழி எளிதாகிவிட்டது என்று நீ நினைப்பாய். டெட்டேயிலிருந்து தேவனஹள்ளிக்கு வந்து சேர்வது இன்றும் எளிதல்ல என்பது உனக்கே தெரியும்.

வழியைவிடக் கடினம் வந்து சேர்ந்தபின் நடப்பது. முதல் முறை வந்தபோது நீ மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தாய். எங்களைப் பார்த்தாய், கையை உயர்த்தினாய், ஆட்டத்தைத் தொடர்ந்தாய். ஆட்டம் முடிந்து, நண்பர்களோடு ஏதோ பேசி முடித்து, அதற்குப் பிறகுதான் எங்களிடம் வந்தாய். உன் அம்மா முகம் வாடிவிட்டது. எனக்கோ அன்று முதல் முறையாக நிம்மதி பிறந்தது. பெற்றோரைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டு விடாமல் அழும் பிள்ளைகளையும் பிற்பாடு பார்த்தேன், அவர்கள் அங்கே இன்னும் காலூன்றவில்லை என்று பொருள். பேத்தி உன்னை நோக்கி ஓடிவராத நாள் ஒன்று வரும். அப்போது மருமகளைத் தேற்ற வேண்டியவன் நீ.

நீ பக்கத்தில் உட்கார்ந்ததும் அம்மா முதலில் உன் கைகளைப் பிடித்து நகத்தைப் பார்த்தாள். வெட்டியிருந்தது. காதின் பின்புறத்தைப் பார்த்தாள். சட்டைக் காலரின் உட்புறத்தில் அவளே ஊரில் உட்கார்ந்து தைத்துவிட்ட பெயர்ப்பட்டையைத் திருப்பிப் பார்த்தால், அது வேறு ஒரு பையனின் பெயர். உன் சட்டையை அவன் போட்டிருந்தான், அவன் சட்டையை நீ போட்டிருந்தாய், இரண்டு பேருக்கும் அதைப் பற்றிக் கவலையே இல்லை. "நகத்தை யாருப்பா வெட்டிவிட்டது?" என்று கேட்டதற்கு, "நானேதான்" என்றாய். அதற்குப் பிறகு அவள் கேட்க நினைத்துவைத்திருந்த கேள்விகளில் பாதியைக் கேட்கவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் எங்களுக்கு எந்த இடத்தில் தட்டு எடுப்பது, எங்கே வைப்பது என்று நீ சொல்லிக்கொடுத்தாய். அஸ்தாசல் நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் பேச்சில்லாமல் உட்கார்ந்து கதிரவன் மறைவதைப் பார்ப்பீர்களே, அப்போது நான் தொண்டையைக் கனைத்ததற்கு நீ திரும்பி முறைத்தாய். மறுநாள் காலை என்னைக் குன்றடிக்கு அழைத்துப்போய், மஞ்சள் தொண்டைச் சின்னான் என்று ஒரு பறவையைக் காட்டினாய். அது தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளில் மட்டுமே வாழ்வது என்றும், அந்தப் பள்ளத்தாக்கே 1991 முதல் பறவைகள் காப்பிடம் என்றும் எனக்குப் பாடம் நடத்தினாய். எனக்குக் காக்கையும் குயிலும் தவிர ஒன்றும் தெரியாது. வீட்டில் நான் சொல்ல நீ கேட்பாய். அங்கே நீ சொல்ல நான் கேட்டேன். வெளிநாட்டிலிருந்து வரும் பெற்றோருக்கு இந்த இடமாற்றம்தான் முதல் சோதனை. சிலரால் அதைத் தாங்க முடிவதில்லை. வந்த உடனே பிள்ளையைப் பெங்களூருக்கு அழைத்துக்கொண்டு போய், ஓட்டலில் தங்கவைத்து, கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்து, பிள்ளையைத் தங்கள் பக்கம் மீட்டுக்கொள்ளப் பார்ப்பார்கள். திரும்பி வரும் பிள்ளைக்கு மறுபடியும் விடுதி பழகச் சில நாள் பிடிக்கும். இதை நான் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஒரு முறை உன்னை ஹார்ஸ்லி மலைக்கு அழைத்துப்போனோம். 4000 அடிக்கு மேல் உயரம், நல்ல குளிர்ச்சி, யூக்கலிப்டஸ் வாசனை. எங்களுக்கு அது பாலைவனத்துக்கு எதிர்ப்பதமான சொர்க்கம். நீயோ மதியத்திலிருந்தே மணி கேட்டுக்கொண்டிருந்தாய். சாயங்காலம் உங்கள் விடுதிகளுக்குள் ஏதோ போட்டி, நீ இல்லாவிட்டால் ஆள் குறையும் என்றாய். நாலு மணிக்கே கீழே இறங்கினோம். அதன் பிறகு நாங்கள் உன்னை எங்கேயும் வெளியே அழைத்துப்போகவில்லை. நீ வகுப்பில் இருக்கும் நேரத்தில் பள்ளத்தாக்கைச் சுற்றி நடப்போம். அப்படித்தான் பள்ளியின் கிராமக் கல்வி மையத்தையும் பார்த்தோம். ஒரே அறையில் பல வகுப்புப் பிள்ளைகள், ஏணிபோல வரைந்த ஓர் அட்டவணையில் தங்கள் படி எதுவென்று தாங்களே பார்த்து, அதற்குரிய அட்டையை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். பல ஆண்டு கழித்து நம் ஊர் அரசுப் பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்தபோது, அதற்கு மூலம் இந்த ஏணியும் அட்டையும்தான் என்று இங்கே ஆசிரியர்களிடம் நான் பெருமையடித்துக்கொண்டது வேறு கதை.

வரும்போது கையில் என்ன கொண்டுவருவது என்பதைச் சிறிய விஷயம் என்று எண்ணாதே. ஓமன் அல்வாவை நாங்கள் உனக்கென்று வாங்கி வரவில்லை, உன் அறை முழுமைக்கும் கணக்குப் பார்த்து வாங்கினோம். பெற்றோர் வர முடியாத பிள்ளைகள் எந்த விடுதியிலும் இருப்பார்கள். வேறு யாருடைய பெற்றோர் வந்தாலும் அவர்கள் பக்கத்தில் வந்து, ஒன்றும் கேட்காமல், சும்மா நிற்பார்கள். உன் அம்மாவுக்கு அப்படி நின்ற ஒரு வடநாட்டுப் பையனை இன்றும் நினைவிருக்கிறது. அவன் அல்வாவைவிட அவள் முறுக்கைத்தான் விரும்பினான். மருமகள் வரும்போது அந்தப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சமைத்துக்கொண்டு வரட்டும்.

இப்போது கொஞ்சம் கசப்பானவை. உனக்குச் சின்னம்மை கண்டபோது, பள்ளியிலிருந்து உன் தாத்தாவுக்குச் செய்தி வந்து, தாத்தா எஸ்டிடி பூத்திலிருந்து மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்து, அது எனக்கு வந்து சேர்ந்தபோது கொப்புளம் வாடத் தொடங்கிவிட்டது. நாள்தோறும் ஊரார் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சொந்தப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்க முடியவில்லை. தாத்தாதான் ரயிலில் சென்னைக்குப் போய், அங்கிருந்து வேலூர், சித்தூர் என்று பேருந்து மாறி வந்து உன்னோடு இருந்தார். பாளையங்கோட்டையிலிருந்து ஒரு பை நிறைய வேப்பிலை வேறு கொண்டுவந்தார். அந்த ஊரில் வேம்புக்கா பஞ்சம்? ஆனால் அவர் வந்தார். அவர் இல்லாவிட்டால் நாங்கள் உன்னை அங்கே விட்டிருக்கவே முடியாது.

1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் என்று செய்தி பரவியதும் வளைகுடா நாடுகள் பலவும் இந்தியாவுக்கான விமானங்களை நிறுத்திவிட்டன. தசராவை ஒட்டி வருவதாக உனக்கு எழுதியிருந்தோம், பெட்டியும் கட்டிவைத்திருந்தோம், வர முடியவில்லை. சில வாரங்களில் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனாலும் பணம் இருந்தும் விடுப்பு இருந்தும் வழி இல்லை என்ற அந்த நிலையை நான் மறக்கவில்லை. 2020 மார்ச்சில் பன்னாட்டு விமானங்கள் நின்றபோது நீ அங்கே, நாங்கள் இங்கே என்று இருந்தோமே, அப்போது உன் பிள்ளை உன் வீட்டில் இருந்தாள் என்பதையும் எண்ணிப் பார்.

ஆகவே என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆண்டுக்கு இரண்டு முறையாவது, போகும்போது ஒரு வாரமாவது, பள்ளிக்குப் பக்கத்திலேயே தங்கி அவளுடைய நாளுக்குள் நீங்கள் இருவரும் போய் உட்கார முடியும் என்றால் சேர்த்துவிடு. ஒருவர் மட்டும் வந்து இரண்டு நாளில் திரும்புவதாக இருந்தால் வேண்டாம். விடுமுறைக்கு அவள்தான் டெட்டேக்கு வருவாளே என்று மருமகள் சொல்லலாம். அது அவள் உங்களைப் பார்க்க வருவது. அவள் எங்கே தூங்குகிறாள், யாரோடு சண்டை போடுகிறாள், எந்த ஆசிரியரின் பெயரைச் சொல்லும்போது குரல் மாறுகிறது என்பதெல்லாம் நீங்கள் அங்கே போனால்தான் தெரியும். பணம் ஒருபுறம் இருக்கட்டும், உன் நிறுவனம் அந்த விடுப்பைத் தருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள். வாய்ச்சொல்லை நம்பி நான் ஏமாந்த இடங்கள் உண்டு.

அடுத்தது, தாத்தாவின் இடத்தில் யார்? நான் இருக்கிறேன் என்று சொல்லத்தான் ஆசை. மூட்டு வலியோடு இந்த வயதில் இரவோடு இரவாகக் கிளம்பி வர என்னால் முடியாது, உன் அம்மாவால் அதுவும் முடியாது. பெங்களூரில் உன் சித்தி இருக்கிறாள். ஆனால் அவள் மாமியார் படுக்கையில் இருக்கும் நிலையில், பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் அவளால் உடனே புறப்பட முடியுமா என்பதை நாம் முடிவு செய்யக் கூடாது.

இந்தக் குளிர்காலத்தில் ஊருக்கு வரும்போது பேத்தியை அங்கே அழைத்துப்போய்க் காட்டு, பள்ளியின் அனுமதி கேட்டுக்கொண்டு, விழா எதுவும் இல்லாத சாதாரண வேலை நாட்களில். நீ உன் பழைய இடங்களையெல்லாம் அவளுக்குக் காட்டிக்கொண்டு திரியாதே, அவள் தானாக எங்கே நிற்கிறாள் என்று பார். பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், ஏழாம் வகுப்புக்குக்கூடச் சேர்க்கலாம்.

சித்தியிடம் நான் பேச மாட்டேன். நான் கேட்டால் மறுக்கத் தெரியாமல் சரி என்றுவிடுவாள். நீயே பேசு, அவள் சொன்னதை அப்படியே எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா